அல்லி போகாத நாட்டுக்கு ஓர் அறிமுகம்

1

இது கட்டுரையாகப் பிறந்து நடுவழியில் கெட்டுப்போன கதை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு கட்டுரையைக் காணோமே என்று தேடாதீர்கள்.

போன மாசியில் மூன்று பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். பிரான்சில் இருக்கும் காரைக்கால்காரர்களுக்காகச் சங்கம் வைத்திருக்கிறார்களாம், ஆண்டு மலர் போடுகிறார்களாம். புதிதாக அங்கே போகிறவர்களுக்கு அந்த நாட்டைப் பற்றி ஓர் அறிமுகம் வேண்டும், நிலம், மக்கள், பண்பாடு மூன்றும் வரவேண்டும், ஆறு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்றார்கள். நான் பிரான்சுக்குப் போனதில்லை. காரைக்கால் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து ஆயுசு முழுக்க மற்றவர்களை அனுப்பிவைத்தவன். நானாகப் போனது தெற்கே நாகூர், வடக்கே சிதம்பரம். அதைச் சொன்னேன்.

"அதனாலதாங்க உங்ககிட்ட வந்தோம். போயிட்டு வந்தவங்களைக் கேட்டா குறையாவே சொல்றாங்க" என்றார் அவர்களில் மூத்தவர்.

நியாயமான பேச்சு. ஒப்புக்கொண்டேன். முதல் தொடக்கத்தை இப்படி எழுதினேன்:

பிரான்சு என்பது ஐரோப்பாக் கண்டத்தின் மேற்கே, ஏராளமான மலைகளும் நதிகளும் கொண்டு, பல்வகைப்பட்ட மக்கள் வாழும்

அடித்துவிட்டேன். இந்த வாக்கியத்தை எந்த நாட்டுக்கும் மாட்டலாம். கடைத்தெருவில் விற்கும் ஆயத்தச் சட்டை மாதிரி.

இரண்டாம் தொடக்கம்:

அந்த நாட்டில் பேச்சு கண்ணுக்குத் தெரியும்.

இது நல்ல வரி. ஆனால் என்னுடையதில்லை, எதிர்வீட்டு அல்லி சொன்னது. அவள் பெயரை எழுதியதும் பேனா கட்டுரையை விட்டு இறங்கிக்கொண்டது. இனி அது என் பேச்சைக் கேட்காது. மலர்க்காரர்கள் மன்னிக்க வேண்டும்.

2

ஒரு நாட்டை அறிமுகம் செய்கிறவன் முதலில் தன் நாட்டின் எல்லையைச் சொல்லவேண்டும் என்பது முறை. (முறை என்று இப்போதுதான் முடிவுசெய்தேன்.)

எங்கள் காரைக்காலுக்குக் கிழக்கே கடல். மற்ற மூன்று திசையிலும் தஞ்சாவூர் ஜில்லா. எந்தப் பக்கம் சைக்கிளை விட்டாலும் கொஞ்ச நேரத்தில் வெளிநாடு வந்துவிடும். எல்லையைத் தெரிந்துகொள்ள நிலப்படம் வேண்டாம், சாராயக்கடை முடிகிற இடத்தில் நாடும் முடியும். எழுபத்தேழு புயலில் ஓர் எல்லைக்கல் காற்றில் புரண்டு புரண்டு இரண்டு பர்லாங் உள்ளே வந்துவிட்டது. அதனால் ஒரு சாராயக்கடையும் அதில் குடித்துக்கொண்டிருந்த ஆறேழு பேரும் இருந்த இடத்திலேயே இருந்து, மதுவிலக்கு அமலில் இருந்த தமிழ்நாட்டில் குற்றவாளிகள் ஆனார்கள். கல்லைத் திருப்பி உருட்ட மறுநாள் மாடு கட்டவேண்டியிருந்தது.\*

\* இதை நம்பாதவர்கள் அடுத்த பத்தியையும் நம்பமாட்டார்கள். ஆனால் அடுத்த பத்தி உண்மை.

ஐம்பத்துநான்கிலேயே கப்பலேறிவிட்ட பிரெஞ்சுக்காரன் அறுபத்திரண்டில் கடைசிக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டபோது, இஷ்டமுள்ளவர்கள் பிரெஞ்சுக் குடிகளாகவே இருக்கலாம் என்று அவகாசம் கொடுத்தான். என் எதிர்வீட்டு முத்தையன் அப்படி எழுதிக்கொடுத்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அப்படிப்பட்டவர்களை ஊரில் சொல்தா என்பார்கள். அவர் தம்பி எழுதிக்கொடுக்கவில்லை. ஆக, ஒரே வயிற்றில் பிறந்ததில் அண்ணன் பிரெஞ்சுக்காரர், தம்பி இந்தியர். இருவருக்கும் ஒரு வரப்புத் தகராறு இருந்தது. அதை ஐ.நா. சபைக்குக் கொண்டுபோகலாம் என்று நான் யோசனை சொன்னேன். அந்த ஒரு விஷயத்தில் இரண்டு நாடுகளும் சேர்ந்து என்னைத் திட்டின.

முத்தையனுக்கு ஒரே பிள்ளை, சோமசேகரன். அப்பா பிரெஞ்சுக்காரர் என்பதால் பிள்ளையும் பிரெஞ்சுக்காரன். பாரிசுக்குப் பக்கத்தில் ஒரு கார் தொழிற்சாலையில் வேலை கிடைத்துப் போனான். எழுபத்துநான்கு ஆவணியில் லீவில் வந்து அம்பகரத்தூர் அல்லியைக் கட்டிக்கொண்டான். நெல் விவசாயக் குடும்பம். அவள் அதற்குமுன் பார்த்த பெரிய ஊர் காரைக்கால்தான். இங்கேயே வாயைப் பிளந்தாள் என்று முத்தையன் பெருமையாகச் சொல்வார்.

இந்தக் கதையில் ஒரே ஒரு கேள்விதான். அல்லி தன் புருஷனிடம் போய்ச் சேர்ந்தாளா? அதை மறைத்து வைத்து விளையாடும் வயது எனக்கு இல்லை, பதில் தலைப்பிலேயே இருக்கிறது.

3

கல்யாணம் வியாழக்கிழமை. கோயிலில் தாலி கட்டினார்கள். நமக்கு அதோடு முடிந்தது. பிரெஞ்சுக்காரன் கணக்கில் அது வெறும் மேளச் சத்தம். நகராட்சிக்குப் போய் (கிழவர்கள் இன்றும் அதை மேரி என்பார்கள்) பெண்ணும் மாப்பிள்ளையும் கையெழுத்துப் போடவேண்டும். அந்தப் பதிவு இருந்தால்தான் புதுச்சேரியில் கான்சல் ஆபீஸ் ஏறி இறங்கி அவளை அங்கே அழைத்துக்கொள்ள முடியும்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வரச்சொல்லியிருந்தார்கள். வந்தார்கள். அதிகாரி பேனாவைத் திறந்து நீட்டும்போது முத்தையன் தடுத்தார். வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகுகாலம்.

"ராகுல போட்ட கையெழுத்து ரெண்டு பேரையும் சேந்து இருக்க விடாதுங்க. பன்னண்டு அடிக்கட்டும்."

வராந்தாவில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நானும் இருந்தேன். முறுக்கு கொடுத்தார்கள். பன்னிரண்டு அடித்தது. முத்தையன் எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார். அதிகாரியும் எழுந்து மேசையைப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போனார். வெள்ளைக்காரன் கப்பலேறி இருபது வருஷம் ஆகியும் அவன் மத்தியானத் தூக்கத்தை மட்டும் காரைக்கால் கைவிடவில்லை. உச்சி வேளையானால் ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும், மூன்று மணிக்குத்தான் திறக்கும். அன்று மூன்று மணிக்கு அலுவலகம் திறந்தது, அதிகாரி திறக்கவில்லை. மாமியார் வீட்டில் ஏதோ காரியம் என்று வெளியூர் போயிருந்தார். சனிக்கிழமை அஷ்டமி, முத்தையன் நகரமாட்டார். ஞாயிறு விடுமுறை. அன்று சாயங்காலமே சோமசேகரனுக்கு மெட்ராஸ் வண்டி.

"அடுத்த லீவுக்கு வர்றப்போ போட்டுக்கலாம்ப்பா" என்றான் சோமசேகரன். எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. கையெழுத்துதானே.

ராகுகாலம் பார்க்கிற ஊர்கள் ஆயிரம் உண்டு. பிரெஞ்சுக்காரன் மாதிரி மத்தியானம் தூங்குகிற ஊர்கள் எத்தனையோ இருக்கலாம். இரண்டையும் ஒரே நாளில் அனுசரிக்கிற ஊர் இது ஒன்றுதான். அந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்த பெண்ணும் அல்லி ஒருத்திதான்.

4

அடுத்த லீவு வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. பணம் வந்தது. வருஷத்துக்கு ஒரு கம்பளிச்சட்டை வந்தது, குளிர்நாட்டில் போட்டுக்கொள்வதற்கு. அந்துப்பூச்சி அரிக்காமல் இருக்க அல்லி அவற்றைச் சித்திரை வெயிலில் கொடியில் காயவைப்பாள். தெருவில் போகிறவர்களுக்கு அதைப் பார்த்தாலே வேர்க்கும்.

முத்தையன் வீட்டுக் கூடத்தில் அவள் தையல் மிஷின் போட்டாள். எதிர்ச்சாரியில் இருந்த செல்லம் என்ற பெண்ணுக்குப் பிரான்சு மாப்பிள்ளை அமைந்தது. குளிருக்கு முழுக்கை ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்தவள், மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்த ஊரு எப்படி இருக்கும்க்கா?" என்று அழுதாள். அல்லியின் புருஷன் அங்கே இருக்கிறான், ஆகவே அல்லிக்குத் தெரிந்திருக்கும் என்று செல்லம் நினைத்தாள். தெரியாது என்று சொல்ல அல்லிக்கு என்னவோ கூச்சம். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள்.

அதன்பிறகு பிரான்சுக்குப் போகிற பெண்கள் எல்லோரும் வந்தார்கள். இந்து வீட்டுப் பெண்கள், முஸ்லிம் வீட்டுப் பெண்கள், கிறிஸ்தவப் பெண்கள். முழுக்கை ரவிக்கை ஒரு சாக்கு. சனிக்கிழமை மத்தியானம் ஊர் தூங்கும்போது அந்தக் கூடத்தில் ஒரு நாடு விழித்திருக்கும். நான் சட்டைக்குப் பொத்தான் தைக்கிற சாக்கில் போய் வாசலோரம் உட்கார்ந்துகொள்வேன். அந்த வருஷங்களில் என் சட்டைகளில் பொத்தான் நின்றதே இல்லை.

மலருக்காக, அவள் சொன்னதில் நினைவில் இருப்பதை இங்கே தருகிறேன். கட்டுரை என்று கேட்டவர்கள் இந்தப் பகுதியை மட்டும் கத்தரித்துப் போட்டுக்கொள்ளலாம்.

நிலம். வடக்கே குளிர், தெற்கே திராட்சை, மேற்கே கடல், கிழக்கே அவர்களுக்குப் பிடிக்காத சனங்கள். தலைநகரத்தின் நடுவில் ஒரு ஆறு. நம் அரசலாறு மாதிரிதான், ஆனால் பங்குனியிலும் தண்ணீர் இருக்கும். ஆற்றுக்கு மேல் பாலங்கள் அதிகம், ஏனென்றால் அக்கரையில் இருப்பவர்களை அவர்கள் அடிக்கடி போய்ப் பார்ப்பார்கள்.

தட்பவெப்பம். குளிர்காலத்தில் வாயைத் திறந்தால் பேச்சு புகையாக வெளியே வந்து கண்ணுக்குத் தெரியும். அதனால் யாரும் வீண்பேச்சுப் பேசுவதில்லை. கோடையில் இரவுச் சாப்பாடு முடிந்து கை கழுவ வெளியே வந்தால் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்.\*

\* இந்த வெயில் விஷயத்துக்குத்தான் பெண்கள் மிக அதிகமாகச் சிரித்தார்கள். அவள் சொன்னதில் கலப்படம் இல்லாத உண்மை அது.

மக்கள். கடைக்காரனுக்கு வணக்கம் சொல்லாமல் சாமான் கேட்டால் அவனுக்குக் காது கேட்காது. சண்டை போடுவதாக இருந்தாலும் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கவேண்டும். நாய்களுக்கு மரியாதை உண்டு. ரொட்டி கை நீளம் இருக்கும், அக்குளில் வைத்துக்கொண்டு நடப்பார்கள், முகம் சுளிக்காதே.

பண்பாடு. இங்கே வந்ததும் அல்லியின் குரல் தணிந்துவிடும். மிஷினை நிறுத்திவிடுவாள்.

"அந்த ஊர்ல புருஷன் முன்னாடி நடக்க மாட்டான். ஒட்டித்தான் நடப்பான். கடைக்குப் போனா கூடையை அவன்தான் தூக்குவான். வேலைவிட்டு வந்தான்னா அன்னைக்கு நடந்ததைப் பொண்டாட்டிகிட்ட ஒண்ணுவிடாம சொல்லிட்டுத்தான் தட்டுல கையை வைப்பான். சொல்லாம சாப்பிட்டா அங்கே அது கௌரவக் குறைச்சல்."

"நெசமாவாக்கா?" என்று ஒருத்தி கேட்பாள்.

"நீ போயிப் பாரேன்" என்பாள் அல்லி.

ஊர் முழுக்கக் கதையளந்து பொய்யைத் தொழிலாகவே நடத்தியவன் நான். மற்றவர்களின் பொய்யைத் தரம் பிரிக்கத் தெரியும். இது பொய் ரகத்தில் சேரவில்லை. மூன்று நாள் குடித்தனம் பண்ணியவள், மீதி நாட்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு நாட்டைக் கட்டி அதில் வைத்துக்கொண்டாள்.

(இந்த வாக்கியம் கொஞ்சம் எழுத்தாளன் எழுதினது மாதிரி இருக்கிறது. அடிக்கலாமா? கிடக்கட்டும்.)

5

சோமசேகரனைப் பற்றி எழுதவேண்டும். இங்கேதான் நாலு மாதமாக நின்றுகொண்டிருக்கிறேன்.

முதல் பிரதியில் அவனைக் கெட்டவனாக எழுதினேன். அங்கே ஒரு வெள்ளைக்காரி, இரண்டு குழந்தைகள். வாசகர்களுக்கு இது பிடிக்கும், எழுதவும் சுலபம். ஆனால் கெட்டவன் பன்னிரண்டு வருஷம் கம்பளிச்சட்டை அனுப்பமாட்டான். இரண்டாம் பிரதியில் நல்லவனாக எழுதினேன். ஏதோ விபத்து, நினைவு தப்பிவிட்டது என்று. எனக்கே சிரிப்பு வந்தது. நினைவு தப்பியவனுக்கு மணியார்டர் முகவரி மட்டும் எப்படித் தெரியும்?

மூன்றாம் பிரதியில் அவனைப் பற்றி ஒன்றுமே எழுதாமல்

இல்லை. எண்பத்தாறு பங்குனிக்கு வந்துவிடுவோம். மெஹர் பானு சொன்னதைச் சொல்லிவிடுகிறேன். அவள் சொன்ன சோமசேகரனைத்தான் என்னால் நம்ப முடிகிறது.

மெஹர் பானு எங்கள் பகுதியில் வளர்ந்த பெண். அல்லியின் கூடத்தில் உட்கார்ந்து பாடம் கேட்டவர்களில் கெட்டிக்காரி. மன்சூர் அலி என்ற பையனைக் கட்டிக்கொண்டு எண்பத்துநான்கில் பிரான்சுக்குப் போனாள். போனவர்கள் யாரும் திரும்பி வந்து அல்லியைப் பார்ப்பதில்லை. தெருவழியாக வந்தாலும் யார் கையிலாவது ஒரு சென்ட் பாட்டிலைக் கொடுத்தனுப்பிவிட்டு நழுவிவிடுவார்கள். மெஹர் பானு தங்கை கல்யாணத்துக்காகக் கைக்குழந்தையோடு வந்தாள். வீட்டுக்குக்கூடப் போகாமல், பேருந்து நிலையத்தில் பெட்டியை இறக்கியதும் என் டைம் கீப்பர் கூண்டுக்கு முன்னால் நின்றாள்.

"மாமா, அல்லியக்கா சொன்னது பாதி தப்பு. கூடையை நான்தான் தூக்குறேன். அவரு அங்கேயும் முன்னாடிதான் நடக்குறாரு."

சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கிய பிறகும் அவள் போகவில்லை. மீதியைச் சொன்னாள்.

அங்கே ஊர்க்காரர் ஒருவர் வீட்டில் குழந்தைக்குப் பெயர்வைக்கும் விருந்து. கழற்றிப்போட்ட கோட்டுகளின் குவியல் பக்கத்தில் ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தாராம். எந்தத் தெரு என்று கேட்டார். சொன்னாள். அல்லியைத் தெரியுமா என்று கேட்டார். இந்த நாட்டைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அந்த அக்காதான் என்று இவள் சொன்னாள். என்ன சொன்னாள் என்று கேட்டார். இவள் விளையாட்டாக எல்லாவற்றையும் ஒப்பித்தாள்: கண்ணுக்குத் தெரியும் பேச்சு, பங்குனித் தண்ணீர், கூடை, சாப்பாட்டுக்கு முன்னால் அன்றைய கதை. மடியில் தட்டை வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் கேட்டாராம்.

"கேட்டு முடிச்சுட்டு என்ன சொன்னாரு தெரியுமா மாமா? அந்த நாட்டுக்கு எப்படிம்மா போறதுன்னு கேட்டாரு."

கார் தொழிற்சாலை எழுபத்தைந்திலேயே சோமசேகரனை நிறுத்திவிட்டதாம். ரயில் பெட்டிகளைக் கழுவுகிற வேலை. ஒரே அறையில் நாலு ஆம்பிளைகள், முறைவைத்துக் கட்டிலில் படுப்பது. ஊருக்கு வந்தால் கையெழுத்துப் போடவேண்டும். போட்டால் அழைத்துப்போகவேண்டும். அழைத்துப்போனால் எங்கே உட்காரவைப்பது? அதனால் வரவில்லை. அவ்வளவுதான் காரணம். இதற்காகவா நான் ஒரு வெள்ளைக்காரியை உருவாக்கி இரண்டு பிள்ளைகளையும் கொடுத்தேன்?

புறப்படும்போது அவர் மெஹர் பானுவிடம் சொல்லியனுப்பியது இது: "உள்ளதை உள்ளபடி அவகிட்ட சொல்லிடும்மா. கேட்டுட்டு அவ வான்னு சொன்னா, ஆனிக்குள்ள வந்து கையெழுத்துப் போடுறேன்."

"எப்படிச் சொல்றது மாமா?" என்றாள் மெஹர் பானு.

"உள்ளபடிதான்" என்றேன். என் வாயிலிருந்து வந்த உருப்படியான யோசனை அது ஒன்றுதான். 

6

சனிக்கிழமை மத்தியானம். கூடத்தில் ஐந்தாறு பெண்கள். அடுத்த மாதம் பயணப்படுகிறவர்கள் இருவர், அவர்களுக்குத் துணையாக வந்தவர்கள் மற்றவர்கள். மெஹர் பானு குழந்தையோடு உள்ளே வந்ததும் எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். போனவர்களில் திரும்பி வந்து அந்தப் படி ஏறியவள் அவள்தான்.

அல்லி எழுந்திருக்கவில்லை. கையில் துணி இருந்தது. முப்பத்திரண்டு வயது, காதோரம் நரை. குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். வெயில் எப்படி, பிரயாணம் எப்படி என்று கேட்டாள். பிறகு கேட்டாள்:

"ஊரு நான் சொன்னாப்பலதானே இருக்கு?"

மெஹர் பானு என்னைப் பார்த்தாள். நான் பொத்தானைப் பார்த்தேன். பயணப்படப்போகும் பெண்கள் இருவரும் மெஹர் பானுவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆறு பேர் நடுவில், அதுவும் அவள் வீட்டுக் கூடத்திலேயே, ஒருத்தியின் வார்த்தையைத் தரையில் போடுவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. கல்யாணப் பந்தியில் உப்பில்லாத சாம்பாரைக்கூட நாங்கள் அமிர்தம் என்று சொல்லித்தான் சாப்பிடுவோம்.

"எல்லாமே நீங்க சொன்ன மாதிரிதான் இருந்துச்சுக்கா" என்றாள் மெஹர் பானு.

"கூடை?"

"அவருதான் தூக்குறாரு."

அந்தப் பெண்கள் மூச்சு விட்டார்கள். ஒருத்தி இன்னொருத்தியின் தொடையைக் கிள்ளினாள். மெஹர் பானு இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்து, "அக்கா, இன்னொரு விஷயம்" என்று ஆரம்பித்தாள்.

"பிள்ளைக்குப் பசிக்குது பாரு" என்றாள் அல்லி. குழந்தை அழவில்லை. அது ஒரு நூல்கண்டைச் சப்பிக்கொண்டு சந்தோஷமாக இருந்தது.

(இந்த இடத்தில் அல்லி கொல்லைப்புறம் போய்ச் சேலைத்தலைப்பில் முகத்தைப் புதைத்து என்று எழுதினேன். பொய். அவள் மிஷினை மிதித்தாள்.)

7

மறுநாள் நானே போனேன். மெஹர் பானுவால் முடியாததை நான் சொன்னேன். ரயில் பெட்டி, நாலு ஆம்பிளைகள், முறைக் கட்டில், ஆனிக்குள் வருகிறேன் என்றது, எல்லாம். கூட்டவில்லை, குறைக்கவில்லை. வாழ்நாளில் ஒரு சம்பவத்தை ஜோடனை இல்லாமல் நான் சொன்னது அன்றைக்குத்தான். மிகவும் சப்பென்று இருந்தது.

அல்லி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். என்னை நம்பமாட்டாள், எல்லைக்கல் கதையோடு சேர்த்துவிடுவாள் என்றுதான் பயந்துகொண்டு போனேன். அப்படி நடந்திருந்தால் எனக்கு வருத்தம் குறைந்திருக்கும்.

"தெரியும்ண்ணே" என்றாள்.

"என்ன தெரியும்?"

"மெஹரு உள்ளே நுழைஞ்சப்பவே அவ மூஞ்சியில தெரிஞ்சுது. என்ன ஏதுன்னு தெரியாது, இருக்குன்னு தெரிஞ்சுது. அதான் ஊரைப் பத்தி மட்டும் கேட்டேன். ஆளைப் பத்திக் கேட்டா சொல்லிப்புடுவா."

"இப்ப நான் சொல்லிட்டேன்ல. வான்னு ஒரு வார்த்தை சொல்லு. மெஹரு வர்ற வியாழக்கிழமை கிளம்புது."

நூல் கோத்தாகிவிட்டது. ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"நாலு பேரு படுக்குற ரூமுன்னாலும் நான் வந்திருப்பேன்ண்ணே. நாத்தங்கால்ல படுத்து வளந்தவ நான். முதல் வருஷமே சொல்லியிருந்தா வந்திருப்பேன். பன்னண்டு வருஷம் ஒண்ணும் சொல்லாம இருந்துட்டு, இப்ப மூணாம் மனுஷிகிட்ட சொல்லிவிட்டு, நீ வான்னாத்தான் வருவேங்குறாரு. அந்த ஊர்ல ஆம்பளை இப்படிக் கேக்க மாட்டான்ண்ணே."

எந்த ஊரில் என்று நான் கேட்கவில்லை.

துணியை மிஷினில் வைத்துக்கொண்டு அவளே, "சாப்பிட்டாரா, தூங்குறாரா, ஒண்ணும் கேக்கலையே மெஹருகிட்ட. கேட்டிருக்கலாம்" என்றாள். மிஷின் ஓட ஆரம்பித்தது. வா என்று அவள் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் அவள் சொல்லவில்லை. அதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். நான் அன்று கவனிக்கவில்லை.

8

வியாழக்கிழமை சாயங்காலம் மெட்ராஸ் வண்டி. மன்சூர் அலியின் அம்மா ஆஸியா பீவி இரண்டு பை மாசிக்கருவாடும் ஒரு டின் ஊறுகாயும் ஏற்றிவிட்டு அழுதுகொண்டிருந்தார். மெஹர் பானு ஜன்னலோரம் உட்கார்ந்து, கம்பிக்கு வெளியே முகத்தை நீட்டி என்னைக் கூப்பிட்டாள்.

"மாமா, அல்லியக்கா ஒண்ணுமே சொல்லலை. அவருக்கு நான் என்னன்னு போய்ச் சொல்லட்டும்?"

இங்கே முடிவு வரவேண்டும். மூன்று எழுதியிருக்கிறேன்.

முதல் முடிவு. வரச்சொன்னதாகச் சொல்லிவிடு என்றேன். ஆனி பிறந்தது. சோமசேகரன் அதே வண்டியில் வந்து இறங்கினார். நரைத்திருந்தார். நான் அடையாளம் கண்டு கூண்டிலிருந்து எழுந்தேன். பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தார். அல்லி கதவைத் திறந்தாள். அவரைப் பார்த்து அவள்

இதற்குமேல் போகவில்லை. எத்தனை தடவை எழுதினாலும் அவள் வாய் திறக்கமாட்டேன் என்கிறது.

இரண்டாம் முடிவு. வேண்டாம் என்றதாகச் சொல்லிவிடு என்றேன். அவர் அங்கே பெட்டிகளைக் கழுவுகிறார், இவள் இங்கே முழுக்கை ரவிக்கை தைக்கிறாள். எழுத ஒரு சிரமமும் இல்லை. சிரமமில்லாததுதான் பயமாக இருக்கிறது.

மூன்றாம் முடிவு. வண்டி நகரும்போது அல்லி தெருமுனையிலிருந்து கம்பளிச்சட்டையோடு ஓடி வருகிறாள். இது சினிமா. அல்லி ஓடமாட்டாள். அடித்துவிட்டேன்.

உண்மையில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். அன்று நான் மெஹர் பானுவிடம் ஏதோ ஒன்று சொல்லத்தான் செய்தேன். வரச்சொல்லு என்று சொல்லியிருந்தாலும், வேண்டாமென்று சொல்லு என்று சொல்லியிருந்தாலும், இன்றைக்கு இதேபோல உட்கார்ந்து இதேபோல வருத்தப்பட்டுக்கொண்டுதான் இருப்பேன். என் வாயால் சொன்ன எதுவும் அல்லி சொன்னதாக ஆகாது. ஆகவே நான் சொன்னதை இந்தக் கதையிலிருந்து எடுத்துவிடுகிறேன்.

வண்டி நிற்கிறது. ஓட்டுநர் பொறுமையிழந்து ஹாரனை அமுக்குகிறார், அமுக்கட்டும். மெஹர் பானு குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டு பதிலுக்காக என்னைப் பார்க்கிறாள். நான் உங்களைப் பார்க்கிறேன்.